முத்தையா ஒன், முத்தையா டூ

போன வாரம் மருமகள் பாலிக் பூலாவ் பக்கம் போய்விட்டு வரும்போது ஒரு பொட்டலம் ஜாதிக்காய் வாங்கிவந்தாள். ஜாதிக்காய் என்றால் பிள்ளை மருந்துக்கு உரைக்கும் கொட்டை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். பினாங்குக்காரர்களுக்கு அதன் மேல்சதைதான் முக்கியம். மெல்லிசாகச் சீவி, சீனியிலும் உப்பிலும் ஊறவைத்து விற்பார்கள். சர்க்கரை வியாதிக்காரன் தொடக் கூடாத பண்டம். மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். துவர்ப்பும் புளிப்பும் காட்டமும் சேர்ந்து மூக்கில் ஏறின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த அடுப்பங்கரை மறைந்து, சின்ன ஸ்கூல் வாசலும், அங்கே மரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீனக் கிழவரும், என் பக்கத்தில் நிற்கும் தம்பி ராசுவும் தெரிந்தார்கள்.

கிழவர் ஈர்க்குச்சியில் குத்தி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். என் துண்டு டிராம் வருவதற்குள் வயிற்றுக்குள் போய்விடும். ராசு தன்னுடையதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எங்கள் வீடு இருந்த சுங்கை பினாங்கில் இறங்கும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிக்கொண்டே வருவான். நான் வழியெல்லாம் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். ஊர் பார்க்க வேண்டிய வயதில் தம்பி கன்னத்தைப் பார்த்தவன் நான். என் பொறாமைக்கு ஒரு வரலாறு எழுதினால் இதுதான் முதல் அத்தியாயம்.

சின்ன ஸ்கூலுக்கு முறையான பெயர் வேறு. ஒரு புனிதரின் பெயர். அதை யாரும் சொல்வதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது பெரிய ஸ்கூல், இந்தப் பக்கம் சின்ன ஸ்கூல், அவ்வளவுதான். இரண்டையும் நடத்தியவர்கள் பிரதர்கள். பூசை வைக்கும் பாதிரியார்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கென்றே நேர்ந்துகொண்ட கத்தோலிக்கத் துறவிகள். கணுக்கால் வரை வெள்ளை அங்கி. அயர்லாந்து, பிரான்சு என்று எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்து, பினாங்கு வெயிலில் சிவந்து, இங்கேயே கிழவர்களாகி, இங்கேயே மண்ணுக்குள் போனவர்கள்.

ஆரம்பத்தில் பெரிய ஸ்கூல் மட்டும்தான் இருந்ததாம். மீசை முளைத்தவனும் பால்பல் விழாதவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஏ பி சி டி எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறார்கள் என்று புகார் வரவே, எதிரே இருந்த ஒரு பழைய பங்களாவைப் பிரதர்கள் வாடகைக்குப் பிடித்துப் பொடியன்களை அங்கே மாற்றினார்களாம். அந்தப் பங்களா ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டத்து வெள்ளைக்காரனுடையது. பின்னால் அவனுடைய குதிரை லாயம் இருந்தது. அந்த லாயம்தான் முதல் வகுப்பு. வெயில் ஏறினால் சுவரிலிருந்து குதிரை வாசம் வரும். குதிரை செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும், வாசம் மட்டும் ஓயவில்லை. லாயத்தில் தேறினால் பங்களாவின் கீழ்த்தளம். அங்கே தேறினால் பலகைப் படி ஏறி மேல்மாடி. மேல்மாடியில் தேறினால் ரோடு தாண்டிப் பெரிய ஸ்கூல். அறிவு வளர வளர ஆள் மேலே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது மாதிரி இருக்கும்.

கூரை தகரம். மழை பிடித்துக்கொண்டால் வாத்தியார் சொல்வது காதில் விழாது. அப்போது தலைமைப் பிரதர் கையில் வெண்கல மணியோடு வராந்தாவில் நின்று, எல்லாரையும் பாடச் சொல்வார். மழையை விடச் சத்தமாகப் பாட வேண்டும் என்பது சட்டம். எப்போதும் கையில் மணி இருந்ததால் அவருக்கு மணிப் பிரதர் என்று பெயர். அயர்லாந்துக்காரர். துணி வெளுக்கிறவரிடம் கற்றுக்கொண்ட தமிழில் உக்காரு, வாய மூடு, போதும் என்ற மூன்றையும் எங்கள் மேல் பிரயோகிப்பார். மூன்றுக்கும் அடங்காதவனுக்கு ரோத்தான், அதாவது பிரம்பு. ஆனால் அடித்த கையாலேயே சாயங்காலம் தலையைத் தடவுகிற மனிதர். அந்தக் கை என் தலையை விட ராசுவின் தலைக்கே அதிகம் போனதில்தான் எனக்குச் சிக்கல் வந்தது.

எங்கள் அப்பா முத்தையா, ஹார்பரில் கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை. அவருக்கு ஆண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவன். ராசு எனக்கு இரண்டு வயது இளையவன். நாங்கள் இந்துக்கள்தான், வீட்டில் முருகன் படம்தான், ஆனாலும் இங்கிலீஷ் படிக்க வேண்டுமென்றால் பிரதர்களிடம்தான் போக வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். கத்தோலிக்கப் பையன்கள் ஞான உபதேசத்துக்குப் போகும் நேரத்தில் எங்களை மரத்தடியில் உட்காரவைத்து நல்லொழுக்கம் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு ஒழுக்கத்தில் எப்போதும் நல்ல மார்க். கணக்கில்தான் வராது.

நான் மேல்மாடிக்கு வந்த வருஷம் ராசு கீழ்த்தளத்தில் இருந்தான். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. நான் மைக்கூட்டில் தொட்டு எழுதுகிறவன், அவன் சிலேட்டுக்காரன். இடைவேளையில் விரலில் ஒட்டிய மையைக் கழுவாமல் கீழே போய் அவன் கண்ணில் படுகிற மாதிரி நடப்பேன்.

வருஷத்தின் நடுவில் ஒரு காலை. நாங்கள் மை தொட்டு எழுதிக்கொண்டிருந்தோம். பலகைப் படியில் பிரதரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சின்னச் சத்தம். அந்தச் சின்னச் சத்தம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான். தலையைத் தூக்கினால், மணிப் பிரதரின் கையைப் பிடித்துக்கொண்டு ராசு நிற்கிறான். கக்கத்தில் சிலேட்டு.

டபுள் புரமோஷன் என்றார் பிரதர். கீழ்த்தளத்தில் இவனுக்குச் சொல்லிக் கொடுக்க இனி எதுவும் இல்லையாம்.

காலியாக இருந்த ஒரே இடம் என் பக்கத்தில். வந்து உட்கார்ந்தான். கால் தரையில் எட்டவில்லை. "அண்ணே, நானும் இங்கதான்லா," என்று என் காதில் சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கெட்டிக்காரன் ஆனதற்கில்லை, என் பக்கத்தில் உட்காரக் கிடைத்ததற்கு. எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து பழைய குதிரைகளோடு போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பதிவேட்டில் எங்கள் இருவருக்கும் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். பிரதருக்கு எங்கள் சொந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. அதனால் நான் முத்தையா ஒன், அவன் முத்தையா டூ. பெயரிலாவது நான் முதல் என்று ஒரு வாரம் ஆறுதலாக இருந்தேன்.

ராசு மாடிக்கு வந்த அன்று சாயங்காலமே அப்பா அவனுக்குப் புதுப் பேனாக்கட்டை வாங்கிவந்தார். தொட்டு எழுதும் பேனாதான், சிவப்புக் கைப்பிடி, பளபளவென்ற நிப்பு. என்னுடையது அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழசு, கைப்பிடி கடிபட்டது. கடித்தது நான்தான் என்பது வேறு விஷயம்.

"எனக்கு?" என்றேன்.

"உன்கிட்டதான் இருக்கே," என்றார் அப்பா.

அதன்பிறகு நான் இரண்டு பக்கமும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். காலையில் வீட்டு முருகனிடம். மத்தியானம் பள்ளித் தோட்டத்தில் கல்குகைக்குள் நின்ற மாதாவிடம். எனக்கும் ஒரு டபுள் புரமோஷன் வேண்டும், அல்லது ராசுவுக்குக் கணக்கு மறந்து போக வேண்டும், இரண்டில் எது சுலபமோ அது. அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை.

வருஷக் கடைசியில் ரிசல்ட். மணிப் பிரதருக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழேயிருந்து மேலே வாசிப்பார். கடைசி மார்க்குக்காரன் பெயர் முதலில். பெயர் வராமல் இருக்க இருக்க ஆள் உயர்ந்துகொண்டே போவான். நான் டெஸ்க்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேறாதவர்களின் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. "முத்தையா," என்றார் பிரதர். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒன்," என்றார்.

பிறகு வகுப்பு முழுவதும் வாசித்தார். சீனப் பையன்கள், யுரேஷியச் சட்டைக்காரப் பையன்கள், மலாய்ப் பையன்கள், எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆகக் கடைசியில், எல்லாருக்கும் மேலே, "முத்தையா டூ."

வீட்டில் அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கணக்கு வரலைன்னா ஹார்பர்ல என்னடா செய்வ? அங்க எல்லாமே கணக்குதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

புது வருஷத்தின் முதல் நாள் ரோடு தாண்டும் நாள். சின்ன ஸ்கூலுக்கு அதுதான் திருவிழா. மேல்மாடியில் தேறியவர்கள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வாசலில் நிற்பார்கள். மணிப் பிரதர் நடு ரோட்டில் போய் நின்று மணியை அடிப்பார். ரிக்‌ஷாக்காரர்கள் நிற்பார்கள், மாட்டு வண்டி நிற்கும், டிராம்கூட நிற்கும். பையன்கள் ராஜா மாதிரி தாண்டிப் பெரிய ஸ்கூலுக்குள் போவார்கள். மூன்று வருஷமாக அந்த நாளுக்காக நான் மனசுக்குள் நடந்து பழகியிருந்தேன்.

தேறாத நாங்கள் மேல்மாடி வராந்தாவில் நின்று பார்த்தோம். வரிசையில் ராசுதான் ஆகச் சின்னவன். புதுச் சப்பாத்து. எல்லாரும் நடக்கத் தொடங்கியதும் அவன் திரும்பி வராந்தாவைப் பார்த்தான். என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததும் ரோட்டின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி," என்றார் பிரதர். அது அவருடைய மூன்று சொற்களில் இல்லாத நாலாவது சொல், அவசரத்துக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது.

"அண்ணன் வந்தாத்தான் வருவேன்," என்றான் ராசு. சத்தமாக இல்லை. ஆனால் ரிக்‌ஷாக்களும் டிராமும் நின்ற அந்த அமைதியில் மாடி வரைக்கும் கேட்டது.

பிரதர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். டிராம் ஓட்டி காலால் மணியை அழுத்தத் தொடங்கினான். கடைசியில் பிரதர் குனிந்து அவனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். வெள்ளை அங்கியின் பக்கவாட்டில் புதுச் சப்பாத்துக் கால்கள் இரண்டும் காற்றில் உதைத்துக்கொண்டே போயின.

என் பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "உன் தம்பி உன் மேல ரொம்பப் பாசம்லா," என்றான். எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? பிரதர் என்னை ஒரு நாளும் தூக்கியதில்லையே என்றுதான் தோன்றியது.

அவன் கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ரோட்டைத் தாண்டியிருந்தால் நிம்மதியாக அவனை வெறுத்திருப்பேன். நல்ல பிள்ளையாக இருப்பதிலும் அவனே முதல் மார்க் வாங்கினால் மூத்தவன் எங்கே போவது? அன்று வீட்டில் அம்மா அவனுக்குத் திருஷ்டி கழித்தார். "அண்ணன் மேல உசிரையே வச்சிருக்கான்," என்று அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உசிரை வாங்கிக்கொண்டவன் மூலையில் உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் நானும் ரோட்டைத் தாண்டினேன். யாரும் தூக்கவில்லை, நடந்தே போனேன். பெரிய ஸ்கூலில் அவன் எப்போதும் எனக்கு ஒரு வகுப்பு முன்னால். அவன் படித்த புத்தகம்தான் அடுத்த வருஷம் எனக்கு. தம்பி போட்டுக் கழித்த சட்டையை அண்ணன் போடுவதில்லை, ஆனால் புத்தகம் அப்படி வந்தது. ஓரத்தில் அவன் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கும். சில பாடங்கள் அந்தக் குறிப்பினால்தான் எனக்குப் புரிந்தன என்பதை அப்போது செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிய சமயத்தில்தான் அந்த உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, கப்பல் குறைந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு. சனங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு வந்து ஊருக்குப் போகும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். மூட்டை இல்லாத ஹார்பரில் மூட்டை எண்ணுகிறவர் எதற்கு? அப்பாவை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறி முடித்ததும், அப்பா எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரச் சொன்னார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவன் படிப்பை நிறுத்த வேண்டும். அது யார் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. மூட்டை தூக்கும் வேலை எனக்கு ஒத்துவருமா என்று மனசுக்குள் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"ராசு வேலைக்குப் போகட்டும்," என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்துவிட்டார். "படிக்கிற புள்ளையவா நிறுத்துறீங்க?"

"அவன்கிட்ட ஜூனியர் சர்டிபிகேட் இருக்கு. நாளைக்கே ஏதாவது ஆபீஸ்ல உக்கார வைக்கலாம். இவன்கிட்ட என்ன இருக்கு? இவன இப்ப வெளிய அனுப்பினா காலம் பூரா மூட்டதான் தூக்கணும்." அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "படிப்பு வராதவனத்தான் படிக்க வைக்கணும். வந்தவன் எப்படியும் பொழச்சுக்குவான்."

ராசுவுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. "சரிப்பா. என்னைக்கிலேர்ந்து போகணும்?" என்று கேட்டான்.

சேதி எப்படியோ சின்ன ஸ்கூல் வரை போயிருக்கிறது. அடுத்த வாரம் மணிப் பிரதர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சுங்கை பினாங்கின் சேற்றுச் சந்தில் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் துறவி சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்தால் பின்னால் எத்தனை பேர் வருவார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவிடம் இங்கிலீஷில் பேசினார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கதவோரம் நின்று, "என்னடா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார்.

"கெட்டிக்காரப் பையனாம். இப்படி ஒரு பையன அவரு இந்த ஊர்ல பாத்ததே இல்லையாம்."

"யாரச் சொல்றாரு?"

"அவனத்தான்."

"இன்னும் என்ன சொல்றாரு?"

"பீஸ் வேணாமாம். பிரதருங்களே படிக்க வைக்கிறாங்களாம். படிப்ப நிறுத்தினா பாவமாம்."

"யாருக்கு பீஸ் வேணாமாம்?"

"அவனுக்குத்தான்மா."

என் தம்பியின் புகழை என் வாயாலேயே தமிழில் பெயர்த்து, என் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பரீட்சையும் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. எனக்காக யாரும் சேற்றில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வரவில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, பீஸ் இல்லாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்கு ஒரு சம்பளம் வர வேண்டும், சம்பளம் கிடைக்கக்கூடியவன் இவன் ஒருவன்தான் என்றார். மணிப் பிரதர் எழுந்து ராசுவின் தலையைத் தடவினார். "போதும்," என்று தமிழில் சொன்னார். அது அவர் எங்களை அதட்டும் சொல். அன்று யாரை அதட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

ராசு கரையோரம் ஒரு கப்பல் ஏஜென்சியில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தான். நீளக் கால்சட்டை போட்டான். ஆபீசில் ஒரு பழைய சைக்கிள் கொடுத்தார்கள். நான் இன்னும் அரைக்கால் சட்டையில் டிராமுக்குக் காத்து நிற்கையில், அவன் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவான். சம்பள நாளில் அம்மா கையில் உறையைக் கொடுப்பான், அம்மா அதை முருகன் படத்தின் முன் வைத்துக் கும்பிடுவார். படிப்பை விட்டவன் அவன், படிப்பது நான், ஆனாலும் வயிறு எரிந்தது எனக்குத்தான். என் வயிற்றுக்கு நியாயம் அநியாயம் தெரியாது.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவான். "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க, அண்ணே?" என்பான். நான் புரிந்த மாதிரி சொல்வேன். கணக்கில் தப்பு இருந்தால் பென்சிலை என் கையிலிருந்து மெல்ல வாங்கித் திருத்துவான். அவன் பள்ளிக்குப் போகாமலே சீனியர் கேம்பிரிட்ஜ் பாடங்களைப் பாதிக்கு மேல் முடித்துவிட்டான். எனக்கும் அப்படியே கொஞ்சம் ஏறியது. அந்த நேரங்களில் பொறாமையும் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பாடம் கேட்கும், தொந்தரவு செய்யாது.

ஒரு நாள் வேலை விட்டு வந்தான். குளித்தான். சாப்பிட்டான். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையைச் சீவிக்கொண்டு, "பாடாங் திடல்ல பந்து இருக்கு, பாத்துட்டு வர்றேம்மா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் அவன் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிறகு எப்போதுமே கேட்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. என்னிடம் எப்போதும் போலச் சிரித்துத்தான் பேசினான். பாடத்தை மட்டும் கேட்கவில்லை. எந்த நாளில் எதனால் அவனுக்கு அது போதும் என்று பட்டதோ, அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கொஞ்ச நாள் வரைக்கும் அவன் சைக்கிள் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்தேன்.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறினேன். தேறியவர்களில் கீழேயிருந்து வாசித்தால் சீக்கிரம் வரும் பெயர்தான், ஆனாலும் தேறினேன். மணிப் பிரதர், அப்போது நன்றாகக் கிழவராகிவிட்டவர், என்னைக் கூப்பிட்டுச் சின்ன ஸ்கூலில் வாத்தியார் வேலை கொடுத்தார். மேல்மாடியில் மற்றவர்களை விட ஒரு வருஷம் கூடுதலாக இருந்தவன் நீ, உனக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும் என்றார். கிண்டலா நிஜமா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. லாயத்தில் முதல் வகுப்பு எனக்கு. பழைய குதிரை வாசத்தில் நின்றுகொண்டு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக் கொடுத்தேன். ஆப்பிளைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு, அதிகம் தின்றிராத வாத்தியார். பாடம் வராத பிள்ளை எந்த இடத்தில் இடறும் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கேயே இடறியவன் ஆயிற்றே. அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன் என்றுதான் சொல்கிறார்கள்.

ராசு அதே ஏஜென்சியில் பெரிய கிராணி ஆனான். பிறகு அதற்கும் மேலே. கார் வாங்கினான், அதுவும் எனக்கு முன்னால். நான் கடைசி வரை வாங்கவே இல்லை. தீபாவளி தவறாமல் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வருவான். தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பான். என் பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சித்தப்பா சித்தப்பா என்று ஓடும். அவன் சொல்லும் அதே பழைய வேடிக்கைக்கு வருஷா வருஷம் விழுந்து சிரிக்கும். நான் சொன்னால் ஒன்றும் சிரிக்காது. "உங்க தம்பி வந்தா மட்டும் உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?" என்று என் மனைவி கேட்பாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முறுக்கு அதிகம் என்பேன்.

ஒரு தடவை அவன் காரில் போகும்போது கேட்டேவிட்டேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு. "ராசு, அப்பா அன்னிக்கு உன்ன நிறுத்தினதுல உனக்கு வருத்தம் இல்லையா?"

அவன் கியரை மாற்றினான். "எதுக்கு அண்ணே? நான்தான் எல்லாத்தையும் சீக்கிரமே முடிச்சிட்டேனே," என்று சிரித்தான். அது உண்மைதானா, அல்லது எனக்காகச் சொன்னதா, தெரியாது. உண்மையாக இருந்தால் அதை விடப் பொறாமைப்பட வேண்டிய சங்கதி உலகத்தில் கிடையாது. எனக்கு எல்லாம் கிடைத்தும் அப்படிச் சிரிக்க வரவில்லை.

சின்ன ஸ்கூல் இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்தார்கள், பிரதர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், புதியவர்கள் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற சில வருஷங்களில் மூடிவிட்டார்கள். பங்களாவை முதலில் இடித்தார்கள், லாயம் மட்டும் கொஞ்ச நாள் தனியாக நின்றது. இப்போது அந்த இடத்தில் கார்களை அடுக்கி நிறுத்துகிறார்கள். டிராம் தண்டவாளத்தின் மேல் தார் ஏறி எவ்வளவோ காலமாகிறது. மணிப் பிரதரின் கல்லறையில் பெயர் மங்கிவிட்டது. போன வருஷம் போய்த் தேடினேன், பக்கத்துக் கல்லோடு குழம்பிப்போய், இரண்டுக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ராசு இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு போய்விட்டான். தூக்கத்திலேயே, ஒருவருக்கும் சிரமம் வைக்காமல். சாவிலும் அவன் என்னை முந்திக்கொண்டதாகத்தான் அன்றைக்கு முதலில் எனக்குப் பட்டது. பத்து லாஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாட்டில் எரித்தோம்.

பிறகு தீபாவளி வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், பேரன் பேத்திகள் வந்தார்கள், மருமகள் முறுக்கு சுட்டாள். தெருவில் எத்தனையோ கார்கள் போயின. சாயங்காலம் வரை வாசல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். "என்ன மாமா, வயிறு சரியில்லையா?" என்று மருமகள் கேட்டாள்.

வயிறு நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் கொஞ்சம்கூட இல்லை.